கைக்குழந்தைக்காரிக்கு நீங்க சொன்ன பதில் பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல மனசு சம்பந்தமா ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. மேல கேள்வி பதில், கீழ ஓரமா ஓசிடிங்கற எண்ண சுழற்சி நோய பத்தி ஒரு கட்டம். அந்தக் கட்டத்துல "உங்களுக்கும் ஓசிடி இருக்கா, செக் பண்ணிப் பாருங்க"ன்னு தலைப்பு வச்சு, பென்சில எல்லாம் ஒரே வரிசைல அடுக்குவீங்களா, சுவத்துல படம் கோணலா தொங்கினா கை பரபரக்குமா, அலமாரில துணிய கலர் வாரியா வைப்பீங்களா, இதுல மூணுக்கும் ஆமான்னா நீங்களும் நம்ம கட்சிதான்னு ஒரு சிரிக்கிற பொம்மையோட முடிச்சிருந்தீங்க. ஜாலிக்கு எழுதினது, புரியுது.

அதுக்கு நேர் மேல, அதே பக்கத்துல, ஒரு கைக்குழந்தைக்காரி எழுதின கடிதம் இருந்துச்சு. குழந்தைய தூக்கிட்டு மாடிப்படி இறங்கும்போதெல்லாம் கீழ போட்டுடுவேனோன்னு ஒரு எண்ணம் வருது, கத்திய பாத்தாலே நடுங்குது, வீட்ல இருக்கற கத்தி கத்திரிக்கோல் எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன், குழந்தைய தனியா குளிப்பாட்ட பயமா இருக்கு, ராத்திரி வீட்டுக்காரர எழுப்பி எழுப்பி நான் அப்படியெல்லாம் செய்ய மாட்டேன்லன்னு கேக்கறேன், நான் என்ன மனுஷியான்னே தெரியலன்னு எழுதியிருந்தாங்க. உங்க ஆலோசகர் என்ன சொன்னாருன்னா, இது பிரசவ அசதி, அந்த மாதிரி எண்ணம் வந்தா உடனே தள்ளி விட்டுட்டு நல்லத நினைங்க, வீட்ல இருக்கறவங்க நீ நல்ல அம்மா உன்னால அப்படி செய்ய முடியாதுன்னு அடிக்கடி தைரியம் சொல்லணும், கொஞ்ச நாளைக்கு குழந்தைய மத்தவங்க பாத்துக்கட்டும். படிக்க இதமாத்தான் இருக்கு. ஆனா எண்ணத்த தள்ளு, தைரியம் சொல்லு, குழந்தைய விட்டு விலகு, இந்த மூணுமே ஓசிடிய கொழுக்க வைக்கிற யோசனை.

அந்தப் பக்கத்துல ஓசிடி எங்கயாவது இருந்துச்சுன்னா அது கட்டத்துல இல்ல, கடிதத்துலதான் இருந்துச்சு. ஒரு கடிதத்த வச்சு நோய் பேர் சொல்ல நான் டாக்டர் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா எனக்கு காலேஜ் காலத்துலேர்ந்து ஓசிடி இருக்கு, ட்ரீட்மெண்ட் எடுத்து இப்ப வேலைக்குப் போயிட்டு குடும்பம் நடத்திட்டு இருக்கேன், அந்த கடிதத்துல இருக்கற ஒவ்வொரு வரியும் எனக்கு பழக்கப்பட்ட வரி. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, ஆனா கடைசில கேட்டிருக்கறத மட்டும் வெட்டிடாதீங்க.

முதல்ல இந்த நோய் எப்படி ஓடுதுன்னு சொல்லிடறேன். ஒரு எண்ணமோ உருவமோ உந்துதலோ கேக்காமலே மனசுக்குள்ள வரும், வந்தா பயமும் அருவருப்பும் குற்ற உணர்ச்சியும் கூடவே வரும், அத அடக்கறதுக்காக ஒரு காரியத்த செஞ்சே ஆகணும்னு தோணும். கை கழுவுறது, பூட்ட இழுத்துப் பாக்கறது, எண்றது, திரும்பத் திரும்ப கேக்கறது, இல்ல வெளில யாருக்கும் தெரியாம மனசுக்குள்ளயே ஒரு வாக்கியத்த சரியா சொல்லி முடிக்கறது. செஞ்சதும் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடி அதே எண்ணம், இந்த தடவ இன்னும் பலமா. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல இதுலயே போகுது, இல்லன்னா இதனால வேலையோ படிப்போ உறவோ கெட்டுப் போகுதுன்னா அப்ப டாக்டருங்க இத நோய்னு எடுத்துக்கறாங்க. நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்கு வாழ்க்கைல ஏதோ ஒரு கட்டத்துல இது வருது. சராசரியா பத்தொம்பது இருபது வயசு வாக்குல ஆரம்பிக்கும், இந்த நோய் வர்ற ஆம்பளைங்கள்ல கால்வாசிப் பேருக்கு பத்து வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும், முப்பத்தஞ்சு வயசுக்கு மேல புதுசா வர்றது ரொம்ப குறைவு.

பென்சில் அடுக்கறவங்க சந்தோஷமா அடுக்கறாங்க. அடுக்கி முடிச்சா அவங்களுக்கு திருப்தி. எல்லாம் என் ரூல்படிதான் நடக்கணும்னு பிடிவாதமா இருக்கற ஆளுங்களும் உண்டு, அது வேற ஒரு வகை குணம், அதுல அவங்களுக்கு தன் மேல சந்தேகம் இருக்காது, சுத்தி இருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம். ஓசிடில நேர் தலைகீழ். தான் செய்யறது அர்த்தமில்லாததுன்னு பெரும்பாலானவங்களுக்கு தெரியும், தெரிஞ்சுகிட்டே செய்வாங்க, அழுதுகிட்டே கூட செய்வாங்க. அடுக்கற ஓசிடியும் இருக்கு சார், இல்லன்னு சொல்லல. ஆனா அதுல அழகுக்காக யாரும் அடுக்கறதில்ல, இது சரியா இல்லன்னா பெத்தவங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு ஒரு பத்து வயசுப் பையன் நடுராத்திரி எந்திரிச்சு செருப்ப நேரா வச்சுகிட்டு இருப்பான். அதுக்கு சிரிக்கிற பொம்மை போட முடியாதுல்ல.

இப்ப அந்த எண்ணங்களுக்கு வர்றேன், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு. குழந்தைய கீழ போட்டுடுவேனோ, ரயில் வரும்போது பக்கத்துல நிக்கறவர தள்ளி விட்டுடுவேனோ, சாமி கும்பிடும்போது வாயில வரக்கூடாத வார்த்தை மனசுல வருதே, யாரையோ பாத்து வரக்கூடாத ஆசை வந்த மாதிரி இருந்துச்சே, நான் உண்மையிலயே இவர நேசிக்கறேனா... இந்த மாதிரி எண்ணம் ஓசிடி இருக்கறவங்களுக்கு மட்டும்தான் வரும்னு நினைக்கறாங்க. 1978ல ஜாக் ராக்மன்னு ஒருத்தரும் இலங்கைலேர்ந்து லண்டன் போய் வேலை பாத்த பத்மால் டி சில்வான்னு ஒருத்தரும் சேர்ந்து ஒரு காரியம் பண்ணாங்க. எந்த நோயும் இல்லாத சாதாரண ஆளுங்ககிட்ட இப்படி எண்ணம் வருமான்னு கேட்டாங்க, பத்துல எட்டு பேர் வருதுன்னாங்க. அப்புறம் இவங்களோட எண்ணங்களையும் நோயாளிங்களோட எண்ணங்களையும் ஒண்ணா கலந்து இந்தத் துறைல பழக்கம் உள்ளவங்ககிட்டயே குடுத்தா, எது யாரோடதுன்னு பிரிக்கறதுக்கு அவங்களே திணறிட்டாங்க. 2014ல பதிமூணு நாட்டு மாணவர்கள்கிட்ட கேட்டப்ப நூத்துக்கு தொண்ணூத்தி மூணு பேருக்கு மேல, கடந்த மூணு மாசத்துலயே இப்படி ஏதாவது ஒரு எண்ணம் வந்துச்சுன்னு சொன்னாங்க. முதல் குழந்தை பெத்த அம்மாக்கள்கிட்ட நடந்த ஆராய்ச்சி ஒண்ணுல, வேணும்னே குழந்தைக்கு தீங்கு செய்யற மாதிரி எண்ணம் வந்ததுன்னு கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒத்துக்கிட்டாங்க. உங்க கைக்குழந்தைக்காரிக்கு இந்த ஒரு தகவல மட்டும் சொல்லியிருந்தாலே பாதி பாரம் எறங்கியிருக்கும்.

அப்ப வித்தியாசம் எங்க? எண்ணத்துல இல்ல, அதுக்கு குடுக்கற அர்த்தத்துல. சாதாரண ஆளு "சே, என்ன இது"ன்னுட்டு அடுத்த வேலைக்கு போயிடுவாரு. ஓசிடி இருக்கறவரு இந்த எண்ணம் ஏன் வந்துச்சு, எனக்குள்ள அப்படி ஒரு ஆளு இருக்கானா, நினைச்சதே செஞ்சதுக்கு சமம்தானே, நான் ஜாக்கிரதையா இல்லாம ஏதாவது நடந்துட்டா அந்தப் பழி என்மேலதானேன்னு அதையே பிடிச்சுகிட்டு உக்காந்துடுவாரு. பால் சால்கோவ்ஸ்கிஸ்ங்கற பிரிட்டிஷ் உளவியலாளர் 1985லயே இத எழுதினாரு, பொறுப்புணர்ச்சி அளவுக்கு மீறி வீங்கிப் போறதுதான் இதுல முக்கியமான சங்கதின்னு. அதனாலதான் இந்த நோய் எவன் எத உசுரா மதிக்கிறானோ அங்கயே வந்து உக்காரும். பக்திமானுக்கு சாமி விஷயத்துல, சாதுவான ஆளுக்கு அடிதடி விஷயத்துல, குழந்தைய கண்ணுக்குள்ள வச்சு பாத்துக்கற அம்மாவுக்கு குழந்தை விஷயத்துல. ஓசிடில வர்ற இந்த எண்ணத்தால ஒருத்தர் அத செஞ்சுடுவாருங்கற ஆபத்து கூடறதில்ல. கத்திய ஒளிச்சு வைக்கிறாங்கன்னா அந்த எண்ணத்த அவங்க எவ்வளவு வெறுக்கறாங்கன்னு அதுலயே தெரியலயா.

என் கதைய கொஞ்சம் சொல்லிக்கறேன். எனக்கு வண்டி ஓட்டறதுல வந்துச்சு. ரோட்ல ஒரு பள்ளத்துல வண்டி ஏறி இறங்கினா, அது பள்ளம்தானா இல்ல யாரையாவது ஏத்திட்டேனான்னு டவுட். கண்ணாடில பாப்பேன், யாரும் இல்ல. ஆனா ஓரமா விழுந்து கிடந்தா கண்ணாடில தெரியாதே. திருப்பிகிட்டு போவேன், அந்த இடத்த பாப்பேன், ஒண்ணும் இல்ல, திரும்பி வரும்போது இந்த தடவ யாரையாவது இடிச்சிருப்பேனோன்னு புதுசா ஒரு டவுட். அப்புறம் வீட்டுக்கு வந்து மனசுக்குள்ளயே முழு ரூட்டையும் படம் ஓட்டிப் பாக்கறது. மறுநாள் காலைல உங்க பேப்பர் வந்ததும் விபத்து செய்திங்கள எல்லாம் ஒண்ணு விடாம படிக்கறது, அந்த ரோடு பேர் இருக்கா, அந்த நேரம் இருக்கான்னு. நான் உங்க பேப்பர அவ்வளவு ஆழ்ந்து படிக்கிறேன்னு வீட்ல பெருமை வேற. யாருக்கும் தெரியாது. வெளில இருந்து பாத்தா நான் ஒரு நிதானமான ஆளு, கை கழுவுறதில்ல, ரூம் குப்பையா கிடக்கும், உங்க கட்டத்துல எனக்கு ஜீரோ மார்க்கு.

திரும்பத் திரும்ப பாத்தா நல்லா ஞாபகம் இருக்கும்னுதானே எல்லாரும் நினைப்போம். 2003ல நெதர்லாந்துல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நல்லா இருக்கற ஆளுங்கள கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு, திரைல இருக்கற ஒரு காஸ் அடுப்ப அணைச்சுட்டமான்னு திரும்பத் திரும்ப செக் பண்ண வச்சாங்க. கடைசி தடவ பாத்தது அவங்களுக்கு சரியாத்தான் ஞாபகம் இருந்துச்சு, ஆனா அந்த ஞாபகம் மங்கலாயிடுச்சு, அது மேல இருந்த நம்பிக்கையும் கரைஞ்சு போச்சு. எந்த நோயும் இல்லாதவங்களுக்கு! செக் பண்றதே சந்தேகத்த உண்டாக்குது. இத நான் முதல்ல கேள்விப்பட்டப்ப, என் ஞாபக சக்தில ஓட்டை இல்ல, அத நான் பிறாண்டிகிட்டே இருக்கேன்னு புரிஞ்சுது.

சரி, எண்ணத்த தள்ளி விடுங்கன்னு சொன்னீங்களே. 1987ல டேனியல் வெக்னர்னு அமெரிக்க உளவியலாளர் ஒருத்தர் மாணவர்கள கூப்ட்டு அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடிய மட்டும் நினைக்காதீங்க, நினைச்சா மணி அடிங்கன்னாரு. மணி அடிச்சுகிட்டே இருந்துச்சு. அதவிட முக்கியம் என்னன்னா, அப்புறம் இப்ப தாராளமா நினைச்சுக்கோங்கன்னு சொன்னப்ப, முதல்ல அடக்கினவங்களுக்குத்தான் அந்தக் கரடி கூடுதலா வந்துச்சு, ஆரம்பத்துலேர்ந்தே நினைச்சுக்கலாம்னு விட்டவங்கள விட. கரடிக்கே இந்த கதின்னா, பெத்த குழந்தைய பத்தின எண்ணத்த தள்ளி விடுன்னா என்ன ஆகும். அந்த அம்மா ராத்திரி பகலா தள்ளிகிட்டுதான் இருக்காங்க. தள்ளறதுலயே களைச்சுப் போயிட்டாங்க.

அடுத்தது தைரியம் சொல்றது. இதுதான் சொல்றதுக்கு கஷ்டமான இடம், ஏன்னா கேக்கறவங்களுக்கு என்னய்யா இவன் ஆறுதல் சொல்லக்கூடாதுங்கறானேன்னு தோணும். உடம்பு சரியில்லாத ஆளு அழுதுகிட்டு கேக்கும்போது, இல்லம்மா நீ அப்படி செய்ய மாட்டேன்னு சொல்றது மனுஷ குணம். ஆனா ஓசிடில அந்தக் கேள்வியே நோயோட ஒரு சடங்கு, கை கழுவுறதுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. பதில் கிடைச்சா அஞ்சு நிமிஷம் நிம்மதி, அப்புறம் நீங்க சொன்னத சரியா கேட்டனா, நான் முழுசா சொல்லலயோ, சொல்லியிருந்தா அவரும் பயந்திருப்பாரோ, சும்மா என்ன சமாதானப்படுத்த சொல்றாரோ. வட்டி கட்டறதுக்கு மறுபடி வட்டிக்கு வாங்கற மாதிரி, ஒவ்வொரு ஆறுதலும் அடுத்த ஆறுதலுக்கு ஆள காத்திருக்க வைக்குது. இப்ப வீட்ல இருக்கறவங்கள தொந்தரவு பண்ணாம போன்லயே தேடிக்கறாங்க, நடுராத்திரி ரெண்டு மணிக்கு "நான் கெட்டவனா"ன்னு தேடினா பதில் சொல்ல ஆயிரம் பக்கம் இருக்கு, சாட் பண்ற மெஷினும் சலிக்காம எத்தன தடவ கேட்டாலும் பதில் சொல்லுது. மனுஷனாச்சும் ஒரு கட்டத்துல எரிஞ்சு விழுவான்.

ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. இயேசு சபைய தொடங்கின லொயோலா இஞ்ஞாசியார் 1522 வாக்குல மன்ரேசாங்கற ஊர்ல இருந்தப்ப, செஞ்ச பாவத்த எல்லாம் சரியா அறிக்கை பண்ணிட்டமாங்கற சந்தேகத்துல திரும்பத் திரும்ப போய் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்காரு, ஒவ்வொரு தடவையும் ஏதோ விட்டுப் போச்சுன்னு தோணி மறுபடி போவாரு, உயிர விட்டுடலாமான்னு நினைக்கற அளவுக்கு போயிட்டாரு. கடைசில பழைய பாவத்த இனிமே வாய திறந்து சொல்றதே இல்லன்னு ஒரு நாள் முடிவெடுத்தாரு, அப்பதான் அது அவர விட்டுச்சு. இதெல்லாம் அவரே சொல்லி எழுதி வச்சது. அவருக்கு ஓசிடின்னு நான் முத்திரை குத்தல, அது என் வேலையும் இல்ல, ஆனா அவரு கண்டுபிடிச்ச வழி இன்னைக்கு டாக்டருங்க சொல்ற வழிக்கு ரொம்ப பக்கத்துல இருக்குன்றது ஆச்சரியமாத்தான் இருக்கு.

அப்ப வீட்ல என்னதான் சொல்றது? எரிஞ்சு விழறதும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். நல்லா இருக்கற ஒரு நேரத்துல ரெண்டு பேரும் உக்காந்து பேசி, இனிமே இந்தக் கேள்வி வந்தா நான் இப்படித்தான் சொல்லப்போறேன்னு முன்கூட்டியே முடிவு பண்ணிக்கணும். "இது ஓசிடி கேக்கற கேள்வின்னு தோணுது, இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல, ஆனா உன் பக்கத்துலயே இருக்கேன், ரொம்ப கஷ்டமா இருக்குன்னு தெரியுது" அவ்வளவுதான். ஒரே நாள்ல எல்லாத்தையும் நிறுத்தினா ஆளு உடைஞ்சு போயிடுவாங்க, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். வீட்ல உள்ளவங்க இப்படி நோய்க்கு ஒத்துப் போறதுக்குன்னே ஆராய்ச்சி நடக்குது, அத அளக்கறதுக்குன்னு தனியா கேள்வித்தாளே இருக்கு. அவருக்கு பதிலா பூட்ட செக் பண்றது, வெளில போயிட்டு வந்தா வீட்ல எல்லாரும் குளிச்சுட்டுத்தான் உக்காரணும்னா சரின்னு குளிக்கறது, அவரு சடங்கு முடியற வரைக்கும் குடும்பமே வாசல்ல நிக்கறது, இது எல்லாமே அதுல அடக்கம். பாசத்துலதான் செய்யறாங்க, ஆனா இது எவ்வளவு அதிகமோ நோயும் அவ்வளவு கடுமையா இருக்குன்னுதான் திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க.

ட்ரீட்மெண்ட் பத்தி உங்க பக்கத்துல ஒரு வரி கூட இல்ல, அதுதான் பெரிய கோவம். ஒரு காலத்துல இத பெரும்பாலும் தீராத கேஸ்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. 1966ல லண்டன்ல விக்டர் மேயர்னு ஒருத்தர், ஆஸ்பத்திரில சேர்த்த ரெண்டு நோயாளிகள அவங்க எதுக்கு பயந்தாங்களோ அதையே தொட வச்சு, அப்புறம் அந்த சடங்க செய்ய விடாம நர்ஸுங்கள கூடவே வச்சு பாத்துகிட்டாரு, பயம் உச்சிக்கு போயி சடங்கு இல்லாமலே தானா எறங்குச்சு. அதுலேர்ந்து வளந்ததுதான் இன்னைக்கு ஈஆர்பின்னு சொல்ற பயிற்சி. பயப்படறத எதிர்கொள்ளணும், எதிர்கொண்டுட்டு வழக்கமா செய்யற சடங்க செய்யாம இருக்கணும். ஒரேயடியா கிணத்துல தள்ளி விடறது இல்ல, சின்ன படிலேர்ந்து பெரிய படிக்கு. அந்த கைக்குழந்தைக்காரிக்குன்னா முதல்ல அந்த எண்ணத்த ஒரு தாள்ல எழுதி வாய்விட்டு படிக்கறதா இருக்கலாம், அப்புறம் ஒளிச்சு வச்ச கத்திய பழைய இடத்துலயே கொண்டு வந்து வைக்கறது, அப்புறம் குழந்தை அதே ரூம்ல தொட்டில்ல இருக்கும்போது காய் நறுக்கறது, அப்புறம் யாரும் கூட இல்லாம குளிப்பாட்டறது, இது எல்லாத்துலயும் வீட்டுக்காரர்கிட்ட அந்தக் கேள்விய கேக்காம இருக்கறது. நீங்க சொன்ன மாதிரி குழந்தைய மத்தவங்க கைல குடுத்துட்டு ஒதுங்கினா மூளை என்ன கத்துக்கும்? நான் ஒதுங்கினதாலதான் குழந்தை தப்பிச்சுதுன்னு. இத பயிற்சி எடுத்த ஒருத்தர் கூட இருந்துதான் ஆரம்பிக்கணும், நான் எழுதினத பாத்துட்டு யாரும் தானா ஆரம்பிக்க வேண்டாம். மூச்சு பயிற்சி, தியானம், நேர்மறை சிந்தனைன்னு மட்டும் குடுத்து அனுப்பினா அது இந்த நோய்க்கு போதாது. கவுன்சிலிங் போறவங்க ஈஆர்பி தெரியுமான்னு வாய விட்டு கேட்டுடணும், கோச்சுக்க மாட்டாங்க, கோச்சுகிட்டா வேற ஆள பாக்கலாம்.

மாத்திரையும் இருக்கு. க்ளோமிப்ரமின்தான் பழசு, 1989ல அமெரிக்கால ஓசிடிக்குன்னு அனுமதி வாங்கிச்சு. அப்புறம் ஃப்ளுவாக்ஸிடின், ஃப்ளுவாக்ஸமின், செர்ட்ரலின், பராக்ஸிடின். இதே மாத்திரைங்கள மனச்சோர்வுக்கும் குடுப்பாங்க, ஆனா ஓசிடிக்கு பெரும்பாலும் அதவிட கூடுதல் டோஸ் தேவைப்படும், வேலை செய்ய ஆரம்பிக்க எட்டுலேர்ந்து பன்னெண்டு வாரம் ஆகும். இது தெரியாம மூணாவது வாரத்துலயே ஒண்ணும் ஆகலன்னு தூக்கிப் போடறவங்கதான் அதிகம். பால் குடுக்கற அம்மாக்கள் டாக்டர்கிட்ட அத முதல்லயே சொல்லணும், அதுக்கேத்த மாத்திரையா பாத்து குடுப்பாங்க. 1992ல கலிஃபோர்னியால மூளைய ஸ்கேன் பண்ணி பாத்தப்ப மாத்திரைல குணமானவங்களுக்கும் பயிற்சில குணமானவங்களுக்கும் மூளைக்குள்ள காடேட்ங்கற அதே பகுதில அதே மாதிரி மாற்றம் தெரிஞ்சுது. பேச்சு பயிற்சிதானே, அது என்ன பண்ணிடும்னு கேக்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்றது. ரெண்டுலயும் சரியாகாதவங்களும் இருக்காங்க, காந்த அலை சிகிச்சை, மூளைக்குள்ள மின்கம்பி வைக்கறதுன்னு அடுத்த கட்டமும் இருக்கு, அதெல்லாம் கொஞ்ச பேருக்குத்தான் தேவைப்படும். எனக்கு மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்துதான் வேலை செஞ்சுது. இப்பவும் பள்ளத்துல வண்டி ஏறினா அந்த டவுட் வரும், வந்தா வரட்டும்னு அந்த டவுட்டோடயே வீட்டுக்கு வந்துடறேன், திரும்பிப் போறதில்ல.

2013லேர்ந்து அமெரிக்க மனநல கையேட்டுல ஓசிடிய பதட்ட நோய்களோட சேர்க்காம தனி அத்தியாயமா வச்சுட்டாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட புது பட்டியலும் 2022லேர்ந்து அதே வழிதான். கூடவே இருக்கற உறவுக்கார நோய்ங்கள பத்தியும் ஒரு பக்கம் போடுங்களேன். தன் மூக்கோ தோலோ அசிங்கமா இருக்குன்னு நாள் பூரா கண்ணாடி பாக்கறவங்க, பாத்தா நமக்கு ஒண்ணுமே தெரியாது, அவங்க தோல் டாக்டர்கிட்டயும் ஆபரேஷனுக்கும் அலைவாங்க, ஆபரேஷன் பண்ணாலும் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்றதில்ல. முடிய பிச்சுகிட்டே இருக்கறவங்க, தோல கிள்ளிகிட்டே இருக்கறவங்க, இவங்கள கெட்ட பழக்கம்னு திட்டித் திட்டியே வளத்திருப்பாங்க, அதுக்கும் 1970கள்லேர்ந்தே பழக்கத்த மாத்தற பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. எதையும் தூக்கிப் போட முடியாம வீடே அடைஞ்சு போறவங்க. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற, அதனால எல்லாத்தையும் ஓசிடின்னு ஒரே மூட்டைல கட்டிடாதீங்க.

ஒண்ணே ஒண்ணு, இத சொல்லாம விட்டா நான் எழுதினதே ஆபத்தாயிடும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற எல்லா எண்ணமும் ஓசிடி இல்ல. ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வேற ஒரு நோய் வரும், பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள, தூக்கமே தேவைப்படாத மாதிரி இருப்பாங்க, பேச்சு குழம்பும், யாருக்கும் கேக்காத குரல் கேக்கும், குழந்தைய பத்தி நடக்காத ஒண்ண உறுதியா நம்புவாங்க, அந்த எண்ணத்த பாத்து அவங்களுக்கு பயமோ வெறுப்போ இருக்காது, அதுதான் சரின்னு தோணும். அது அவசர கேஸ், அன்னைக்கே ஆஸ்பத்திரி, அம்மாவையும் குழந்தையையும் தனியா விடக்கூடாது. பிரசவத்துக்கு பின்னாடி வர்ற மனச்சோர்வு இன்னொண்ணு, அதுவும் ஓசிடியும் சேர்ந்தே வர்றதும் உண்டு, அதுல செத்துடலாம்னு தோணினா அதையும் மறைக்காம சொல்லணும். இத பிரிச்சு சொல்ல ஒரு மனநல டாக்டரால முடியும். ஒரு பேப்பர் பதிலால முடியாது, உங்க ஆலோசகரு பாட்டுக்கு அசதின்னு முடிச்சுட்டாரே, ஒரு டாக்டர போய் பாருங்கன்னு ஒரு வரி எழுத இடமா இல்ல? கட்டத்துக்கு இடம் இருந்துச்சே.

நான் கேக்கறது இதுதான். அந்த கைக்குழந்தைக்காரியோட கடிதம் உங்க ஆபீஸ்ல இருக்கும், அட்ரஸோ போன் நம்பரோ அதுல இருக்கும். அடுத்த ஞாயிறு வரைக்கும் காத்திருக்காம ஒரு மனநல டாக்டர வச்சு அவங்களுக்கு இந்த வாரமே நேர்ல பதில் அனுப்புங்க. அப்புறம் அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, போன வார பதில் சரியில்லன்னு போடுங்க, அவங்க மாதிரி இன்னும் எத்தன பேர் அத படிச்சுட்டு கத்திய ஒளிச்சு வச்சிருக்காங்களோ தெரியாது. கேள்வி பதில் பகுதிக்கு வர்ற கடிதத்துல உயிர் சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும் அச்சுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர் பாக்கணும்னு ஒரு வழக்கத்த வச்சுக்கோங்க. அந்த கட்டத்துக்கு மறுப்பு எல்லாம் வேண்டாம், மறுபடி போடாம இருந்தா போதும்.

என் பேர் போட வேண்டாம். வேலை செய்யற இடத்துல தெரியாது, தெரியறதுக்கு இன்னும் நான் தயாரா இல்ல.

இப்படிக்கு,
உங்க பேப்பர ரொம்ப வருஷமா படிக்கற ஒரு வாசகர்